உழவன் கணக்கு

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

"உழவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது பழமொழி. எங்கள் வீட்டில் இதை அடிக்கடி சொல்பவர் என் அப்பா. கணக்குப் பார்க்காமல் இருப்பதற்கு அவர் சொல்லும் சாக்கு அது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். கல்லூரிக்கு வந்த பிறகு அந்தக் கணக்கை நானே பார்க்க நேர்ந்தது. அதனால் என்ன நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரை. பேராசிரியப் பெருமக்களும் உடன் பயிலும் நண்பர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல் மாவட்டத்தில் வடமதுரைக்கும் அய்யலூருக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூர். அந்தப் பக்கம் தக்காளி விளைவது ஊரறிந்த செய்தி. எங்களுக்கு 2 ஏக்கர் நிலமும் ஓர் ஆழ்துளைக் கிணறும் உண்டு. அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. அம்மா, என்னைச் சேர்க்க வந்த நாளில்தான் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசற்படியை மிதித்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்.

நான் இக்கல்லூரியில் சேர்ந்தது 2023ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜூலையில் தக்காளி விலை ஏறிய கதையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசே நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டி வந்தது. "உங்களுக்கென்ன, தக்காளி விற்றே மாடி வீடு கட்டிவிடுவீர்கள்" என்று வகுப்புத் தோழியர் கேலி செய்தனர். நான் சிரித்து மழுப்பினேன். அந்த ஜூலையில் எங்கள் தோட்டத்தில் ஒரு பழங்கூட இல்லை என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

விலை ஏறியதைக் கண்டு அப்பா நாற்று வாங்கி நட்டார். அப்பா மட்டுமா நட்டார்? ஊரே நட்டது, பக்கத்து ஊர்களும் நட்டன. தக்காளி நட்டு 60, 65 நாளில் முதல் பறிப்புக்கு வரும். ஒரே வாரத்தில் நட்டவர்கள் ஒரே வாரத்தில்தானே பறிப்பார்கள்? செப்டம்பர் கடைசியில் எல்லார் தோட்டத்துப் பழமும் ஒன்றாகச் சந்தைக்கு வந்து சேர்ந்தது. விலை விழுந்தது.

அப்படி ஒரு நாள் மாலை அப்பா கொண்டுவந்த சந்தைச் சீட்டை வாங்கி, என் வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். அன்று சந்தைக்குப் போனது 20 பெட்டி. பெட்டி 14 கிலோ. பெட்டிக்கு விலை 70 ரூபாய். மொத்தம் 1,400 ரூபாய். அதில் கமிஷன் நூற்றுக்குப் பத்து வீதம் 140. வண்டி வாடகை பெட்டிக்கு 12 வீதம் 240. இறக்குகூலி 60. பழம் பறித்த மூன்று பெண்களுக்குக் கூலி 750. செலவு 1,190 போக நின்றது 210 ரூபாய். நாற்று, உரம், மருந்து, அப்பா அம்மா இருவரின் உழைப்பு யாவும் அந்த 210 ரூபாய்க்குள் அடக்கம். பழமொழி பொய்யில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியை ஒருவர் பேச்சுவாக்கில், தம் தெருக் கடையில் தக்காளி கிலோ 20 ரூபாய் என்றார். எங்கள் கைக்கு வந்தது கிலோவுக்கு 5 ரூபாய். இடையில் இருப்பது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சாலை. அந்தச் சாலையில் 15 ரூபாய் எங்கே இறங்கிப் போயிற்று என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

உழவரையும் வாங்குவோரையும் நேரில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி தொடங்கி வைத்தார். அடையாள அட்டை பெற்ற உழவர் தம் விளைச்சலைத் தாமே விற்கலாம்; அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படும். திண்டுக்கல்லிலும் அது உண்டு. 2016 ஏப்ரல் 14 அன்று, ஊர் ஊராக இருந்த ஒழுங்குமுறைச் சந்தைகளை மின்னணு ஏலத்தால் இணைக்கும் இ-நாம் திட்டம் வந்தது. இவை பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பறிப்பு நாளில் விடியற்காலையே சந்தைக்குப் போய் நண்பகல்வரை உட்கார்ந்து விற்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை. 20 பெட்டியை ஒரே இடத்தில் கிலோ கிலோவாக விற்று முடிப்பதும் எளிதன்று.

பேராசிரியையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "அம்மா, எங்கள் தோட்டத்துப் பழம் கிலோ 12 ரூபாய்க்குக் கொண்டுவந்து தரட்டுமா?" அவர் உடனே 3 கிலோ கேட்டார். தம் தெருவில் உள்ள வீடுகளைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழுவும் தொடங்கித் தந்தார். சனிக்கிழமை மாலை 7 மணிக்குள் யாருக்கு எத்தனை கிலோ என்று எழுத வேண்டும். ஞாயிறு விடியலில் பறிப்பு. காலை 9 மணிக்குத் தெருவில் பட்டுவாடா. அப்பா மொபெட்டில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வருவார். நான் மகளிர் கட்டணமில்லாப் பேருந்தில் தராசுடன் வருவேன். முதல் வாரம் 19 வீடுகள். மூன்றே மாதத்தில் 64 வீடுகள். ஞாயிறுதோறும் 4 பெட்டி, 56 கிலோ.

அப்பாவுக்கு இதில் தொடக்கத்தில் மனம் ஒப்பவில்லை. "ஒன்னய படிக்கத்தானத்தா அனுப்புனேன்? தெருவுல நின்னு தக்காளி நிறுக்கவா அனுப்புனேன்?" என்றார். அவர் சினத்துக்குள் ஓர் அச்சமும் இருந்தது. பாட்டிக்கு உடம்பு முடியாமல் போன ஓர் இரவில், 11 மணிக்குக் கதவைத் தட்டிக் கேட்டதும், துண்டுச் சீட்டுக்கூட எழுதி வாங்காமல் 15,000 ரூபாய் கொடுத்தவர் கமிஷன் கடைக்காரர். முன்பணம் வாங்கியவர் விளைவதையெல்லாம் அந்தக் கடைக்கே கொண்டுபோவது வழக்கம். கட்டுரைகளில் இடைத்தரகரைக் கொடியவராகவே எழுதுகிறோம். நள்ளிரவில் கதவைத் திறப்பவரும் அவர்தான் என்பதையும் எழுத வேண்டும். அப்பா அவரிடம் உள்ளதைச் சொன்னார். "ஞாயித்துக்கெழம நாலு பெட்டிதான? புள்ள விக்கட்டும்" என்று அவர் விட்டுவிட்டார்.

டிசம்பர் மாதத்து மழையில் வந்தது முதல் சோதனை. ஒரு ஞாயிறு மாலை, குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. தட்டில் ஏழெட்டுத் தக்காளி. பாதி நசுங்கியும் நீர் கசிந்தும் கிடந்தன. கீழே ஒரே வரி: "இதுதான் தோட்டத்துப் பழமா?" 64 வீட்டாரும் பார்க்கும்படி அது கிடந்தது. என் கைகால் நடுங்கின. தெருவில் வெயிலில் வைத்திருப்பார்கள், பையில் நசுங்கியிருக்கும் என்றெல்லாம் பதில் எழுத நினைத்தேன். அதற்குள் அப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அது நம்ம பெட்டியோட அடிப்பழம்தான்."

சந்தைக்குப் பெட்டி கட்டும்போது நல்ல பழத்தை மேலேயும் இரண்டாந்தரத்தை அடியிலும் வைப்பது பலருக்கும் பழகிப்போன ஒன்று. வாங்குகிறவர் யார், தின்கிறவர் யார் என்று கட்டுகிறவருக்குத் தெரியாது. கை பழகிய பழக்கத்தில் அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பெட்டியையும் அப்படியே கட்டியிருந்தார். தாவரவியல் மாணவியாகிய நான் இதைக் கவனித்திருக்க வேண்டும். தக்காளி பறித்த பின்னும் பழுக்கும். பழுக்கும்போது எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடும். அடிபட்ட பழம் அதனை மிகுதியாக வெளிவிட்டுப் பக்கத்துப் பழத்தையும் விரைந்து பழுக்க வைக்கும். தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். எங்கள் பெட்டியின் அடியைப் பார்க்காதவளும் நான்தான்.

மறுநாள் காலை அப்பா 3 கிலோ நல்ல பழத்துடன் அந்த வீட்டுக்குப் போனார். நானும் உடன் போனேன். கதவைத் திறந்த அம்மாளிடம், "தப்பு என் பேர்லதாங்க. இத வச்சுக்கங்க, காசு வேணாம்" என்றார். அந்த அம்மாள் திகைத்துப் போனார். அப்பாவைத் திண்ணையில் அமரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். பின்னர், "இதை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?" என்று கேட்டார். "செங்காயா இருக்கறத பெட்டியில வைக்காதீங்க, குளிர்ல ருசி செத்துப் போகும், வெளியில வச்சுப் பழுக்க விடுங்க" என்று அப்பா விளக்கினார். குளிர்பதனப் பெட்டியைத்தான் அவர் அப்படிச் சொன்னார். எங்கள் வகுப்பில் கேட்ட பாடம் அவர் வாயில் இத்தனை எளிதாக வந்தது கண்டு வியந்தேன்.

அன்று முதல் எங்கள் பெட்டியில் மேலும் அடியும் ஒன்றாயின. சந்தைக்குப் போகும் பெட்டியையும் அப்பா அப்படியே கட்டத் தொடங்கினார். அதற்காகச் சந்தையில் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. "தின்னுறவுக மொகத்தப் பாத்தாச்சு, இனி எப்படி அடியில வைக்கிறது?" என்று மட்டும் சொன்னார்.

வாரந்தோறும் விலை பேசுவது இரு தரப்புக்கும் தொல்லையாக இருந்தது. அந்தத் தெருவில் உள்ள ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர், ஆண்டு முழுவதும் ஒரே விலையாக 22 ரூபாய் வைத்துக்கொள்ளலாம் என்றார். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அதுவே விலை. எல்லாரும் கட்டை விரலை உயர்த்தும் குறியிட்டு ஒப்புக்கொண்டார்கள். கட்டை விரல் குறி இடுவது எத்தனை எளிது!

2024 ஜூலையில் விலை மீண்டும் ஏறியது. இம்முறை எங்கள் தோட்டத்தில் பழம் இருந்தது. சந்தையில் பெட்டி 700 ரூபாய் போயிற்று, கிலோ 50. நாங்களோ தெருவுக்கு 22 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும். ஒரு ஞாயிறுக்கு 56 கிலோவில் 1,568 ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம் என்று கணக்குப் போட்டு அப்பாவிடம் காட்டினேன். "இந்த மாதம் மட்டும் பழம் இல்லை என்று எழுதிவிடட்டுமா? முன்பணத்தை அடைத்துவிடலாம்" என்றேன். எழுதியது நான்தான், ஒப்புக்கொண்டதும் நான்தான். ஆயினும் அப்படிக் கேட்டேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அப்பா சொன்னார்: "நாலு பெட்டியில கோட்டை கட்டப் போறதில்லத்தா. சொன்ன வெலைக்குக் குடு." தெருவுக்கு 22 ரூபாய்க்கே போயிற்று. சந்தைக்குப் போன மற்றப் பெட்டிகளாலேயே அம்மாத முடிவில் 15,000 ரூபாய் முன்பணம் அடைபட்டது.

அடுத்த மாதமே விலை சரிந்தது. தெருத் தெருவாகச் சரக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து, "மூணு கிலோ அம்பது ரூவா" என்று கூவி வந்தார்கள். அந்தச் சனிக்கிழமை மாலை 7 மணிக்குக் குழுவில் வந்த கேட்பு 19 கிலோ. 64 வீட்டில் 12 வீடு மட்டுமே கேட்டிருந்தன. முன்பே பறித்து வைத்த பழம் மீந்தது. ஜூலையில் எங்கள் 22 ரூபாயை இனிக்க இனிக்க வாங்கிக்கொண்டவர்கள் ஆகஸ்டில் அதைக் கசந்து ஒதுக்குகிறார்களே என்று உள்ளம் கொதித்தது. இரவு உட்கார்ந்து நீண்டதொரு செய்தி எழுதினேன். நன்றி கெட்டவர்கள் என்ற சொல் அதில் இருந்தது.

அனுப்புமுன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "நம்ம கணக்கு அவுகளுக்குத் தெரியாது, சரி. அவுக வீட்டுக் கணக்கு ஒனக்குத் தெரியுமாத்தா?"

தெரியாது. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வாரந்தோறும் அந்த வாசல்களில் நின்றிருக்கிறேன். பெயரும் கிலோவும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எழுதியதை அழித்தேன். அதற்குப் பதிலாக எங்கள் நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்துக் குழுவில் இட்டேன். செப்டம்பர் மாதத்து 210 ரூபாய்க் கணக்கு ஒரு பக்கம். ஜூலை மாதத்து 1,568 ரூபாய்க் கணக்கு ஒரு பக்கம். கீழே, "இது எங்கள் கணக்கு. உங்கள் கணக்கையும் சொன்னால் சேர்ந்து ஒரு விலை பேசலாம்" என்று எழுதினேன்.

ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓர் அக்கா எழுதினார். அவர் நூற்பாலையில் வேலை பார்ப்பவர்: "எனக்குச் சனிக்கிழமைதான் கூலி. வாரம் காய்க்கு 200 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. வாசலில் மூணு கிலோ 50 என்று வரும்போது எப்படி விட மனசு வரும் பாப்பா?" அதைப் படித்ததும் என் சினம் போன இடம் தெரியவில்லை. அந்த அக்காவின் கணக்கிலும் உழக்கு மிஞ்சவில்லை.

அதன்பின் பலர் எழுதினார்கள். சிலர் குழுவை விட்டு விலகவும் செய்தார்கள். எஞ்சியவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தோம். திண்டுக்கல் உழவர் சந்தைப் பலகையில் அன்று எழுதிய விலையே எங்கள் விலை. அது 15 ரூபாய்க்குக் கீழே போனாலும் அவர்கள் 15 தருவார்கள். 35 ரூபாய்க்கு மேலே போனாலும் நாங்கள் 35க்கு மேல் கேட்க மாட்டோம். கூலி சனிக்கிழமை கிடைப்பவர்கள் அடுத்த வாரம் தரலாம். இப்படிச் சேர்ந்து நிற்பவை 31 வீடுகள். முன்பிருந்த 64 இல்லை; ஆனால் இந்த 31 வீட்டாரும் கட்டை விரல் குறியிட்டு மட்டும் ஒப்புக்கொண்டவர்கள் அல்லர். ஒருவர் கணக்கை மற்றவர் பார்த்தவர்கள்.

இதைப் பேராசிரியையிடம் சொன்னபோது, ஜப்பானில் 'தெய்க்கெய்' என்றொரு முறை உண்டு என்றார். கூட்டுறவு, கைகோத்தல் என்பது அதன் பொருள். 1971இல் அங்கே தோன்றிய இயற்கை வேளாண்மைச் சங்கம், உழவரும் உண்பவரும் நேரே ஏற்படுத்திக்கொள்ளும் இவ்வுறவுக்கு 1978இல் பத்து நெறிகளை வகுத்தது. ஒருவருக்கொருவர் உதவுவது, விளைந்ததை ஏற்றுக்கொள்வது, இரு தரப்பும் மற்றவர் நிலை உணர்ந்து விலை முடிவு செய்வது ஆகியவை அவற்றுள் சில. அன்றைக்குக் கைப்பேசி ஏது? வாட்ஸ்அப் ஏது? இருந்தும் அவர்கள் சேர்ந்தார்கள். எங்களிடம் கைப்பேசி முதல் நாளே இருந்தது. இருந்தும் நாங்கள் சேர ஓராண்டு ஆயிற்று.

நண்பர்களே, தக்காளி எத்தனை கிலோ என்று கேட்கவும் சொல்லவும் கைப்பேசி போதும். அது விரைவானது, செலவற்றது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வயலையும் சமையலறையையும் அது தானாக இணைத்துவிடும் என்று நான் முதலில் நினைத்தது பிழை. பெட்டியின் அடியைத் திறந்து காட்டிய நாளிலும் நோட்டைத் திறந்து காட்டிய இரவிலுந்தான் எங்களுக்குள் ஏதோ இணைந்தது. இன்றும் எங்கள் விளைச்சலில் பெரும்பகுதி சந்தைக்கே போகிறது. அங்கே விலை யார் கையிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பெட்டிகளின் விலை மட்டும் எங்கள் கையிலும் அந்த 31 வீட்டார் கையிலும் இருக்கிறது.

அப்பா பழமொழி சொல்வதை இப்போது குறைத்துக்கொண்டார். என் பழைய நோட்டை வாங்கி, ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் தாமே கணக்கு எழுதுகிறார். சென்ற ஞாயிறு பட்டுவாடா முடிந்து ஊருக்குத் திரும்பியதும் அந்த நோட்டைப் புரட்டினேன். வரவும் செலவும் எழுதிய பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது: "மில்லு வேலை அக்கா, 2 கிலோ, அடுத்த வாரம்."